ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்த பெட்டி

அலசல்காரர் என்று ஓர் இனம் உண்டு. காடு மலையெல்லாம் ஏறிப் போய்த் தேட வேண்டாம். ஏதாவது ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து, கம்பிகள் அதிகம் தொங்கும் மூலை எதுவென்று பார்த்தால் போதும். ஆறிப்போன டீ, இரண்டு திரை, திரைக்கு நாற்பது பக்கம் திறந்தபடி கிடக்க, நடுவில் ஒருவர் மோவாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்தானா என்று சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் போய், "சார், எதை வாங்கலாம்?" என்று மெதுவாகக் கேளுங்கள். நாற்காலியைச் சுழற்றி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அது எதுக்குன்றதைப் பொறுத்திருக்கு" என்று தொடங்கினால் அவரேதான். நீங்கள் கேட்க வந்தது ஸ்டேப்ளர் பின்னாகவே இருந்தாலும் சரி, அன்றைய மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த இனத்தில் கிளைகள் பல. செல்போன் அலசுபவர், மெத்தை அலசுபவர், குழந்தைக்குப் பெயர் அலசிக்கொண்டே இருந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளன்று வாசலில் நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னவர் என்று எத்தனையோ பேர். நான் சொல்ல வந்தது அவற்றில் மிக முற்றிய கிளை: ஆபீஸ் ஃபைல் சர்வருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் அலசுபவர்.

பயந்துவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தால், பத்துப் பேரின் கோப்புகளும் ஒரே இடத்தில் கிடக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதுதான் ஃபைல் சர்வர். அந்தக் கம்ப்யூட்டரை எழுப்பி, உட்காரவைத்து, தூங்கவிடாமல் வேலை வாங்கும் மென்பொருள்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். அது படுத்தால் ஆபீஸே படுத்துவிடும். ஆகவே ஆடாததாக, அசையாததாக ஒன்றைப் பார்த்துப் போட வேண்டும். அலசல்காரர் வாயில் ஒரு நாளைக்கு அறுபது தடவை வரும் சொல் 'ஸ்டேபிள்'. "ஸ்டேபிளா இருக்கணும் சார், மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். சொல்லும்போது மேசைக்கடியில் அவருடைய கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

இவர் எதையும் தேர்ந்தெடுக்கவே மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாராவாரம் தேர்ந்தெடுப்பார். திங்கட்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செவ்வாய்க்கிழமை அதன் அருமை பெருமைகளை டீ எடுக்க வருகிற அத்தனை பேரிடமும் நிறுத்தி வைத்துச் சொல்லி, புதன்கிழமை இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஏழு வருஷத்துக்கு முன்னால் "இதை நம்பி மோசம் போனேன்" என்று எழுதிவைத்ததைத் தோண்டியெடுத்து, வியாழக்கிழமை முகம் வெளுத்து, வெள்ளிக்கிழமை "நல்லவேளை, போடலை" என்று பெருமூச்சு விட்டு, சனி ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து அடுத்ததைப் படித்து, மறு திங்கள் புத்தம்புது நம்பிக்கையோடு படியேறி வருவார். உழைப்பு என்றால் இதுவல்லவா உழைப்பு! வேலை மட்டும் நடக்காது.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே மூலையில், அதே ஆறிப்போன டீயோடு, பதினாலு மாதம் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

எங்களுடையது கட்டட வரைபடம் போடும் அலுவலகம். ஒரு மாடி ஏறிக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நீளமாக ஓர் அறை, இரு பக்கமும் மேசைகள், கோடியில் முதலாளியம்மாவின் உள்ளறை. அவரை எல்லோரும் மேடம் என்போம். வரைவதில் எல்லோருக்கும் தலை, பென்சில் அக்கா. கம்ப்யூட்டரில் மட்டுமே வரைந்து இருபது வருஷமாகியும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியபடியே இருப்பதால் அந்தப் பெயர். சர்வர், கம்பி, பிரிண்டர், 'மவுஸ் நகரலை', 'ஏசி ரிமோட்டைக் காணோம்' ஆகிய எல்லாத் துறைகளுக்கும் பொறுப்பு நான்.

பழைய சர்வர் அப்போதே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு வரைபடத்தைத் திறக்கச் சொன்னால் முனகும், முக்கும், அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். மேடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இதை மாத்திடுங்க. எதைப் போடணும்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆடாம அசையாம ஓடணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம் மேடம்."

பொய் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வாரம்தான் என்று நினைத்தேன். அன்றைக்கே ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியைத் துடைத்தெடுத்து, கையில் முதலில் கிடைத்த சிஸ்டத்தை அதில் ஏற்றி, என் மேசைக்கடியில் காலை நீட்டவே இடமில்லாததால் பென்சில் அக்காவின் மேசைக்கடியில் தள்ளி, அதில் 'ஒரு வாரம்' என்று ஒரு ஃபோல்டரும் திறந்துவைத்தேன்.

"அக்கா, சோதனைக்குத்தான் வச்சிருக்கேன். ஒரு வாரத்துக்கு மட்டும் ஃபைலை எல்லாம் இதுல போட்டு வேலை செஞ்சு பாருங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் சொல்றப்ப மாத்திக்கலாம்."

"ஒரு வாரம்தானே தம்பி?"

"ஒரே வாரம்க்கா."

இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் மறுநாளே பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன். குறுக்கே ஐந்து சிஸ்டங்கள், நெடுக்கே அம்சங்கள். முதல் நாள் பன்னிரண்டு அம்சம். மாதக் கடைசியில் நாற்பத்தேழு. ஆறாம் மாதம் நூற்றுப் பதினெட்டு. ஒவ்வோர் அம்சத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், அந்த அம்சம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மதிப்பெண், அந்த முக்கியத்தை நான் எவ்வளவு உறுதியாக நம்புகிறேன் என்பதற்கு இன்னொரு மதிப்பெண். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் மூன்று சிஸ்டங்கள் தோளோடு தோள் சமமாக வந்து நிற்கும். உடனே இன்னோர் அம்சம் சேர்ப்பேன். ஒரு கட்டத்தில், இந்தப் பட்டியலை எந்த மென்பொருளில் வைத்துக்கொள்வது நல்லது என்று தனியாக ஒரு பட்டியல் போட வேண்டிவந்தது. சிரிக்காதீர்கள், அப்போது அது மிகவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஐந்து சிஸ்டங்களுக்கும் நானே பட்டப்பெயர் வைத்திருந்தேன். மாதாமாதம் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வருபவன் 'அவசரக்காரன்'. எது கெட்டாலும் ஆள் அனுப்புகிறேன், கவலை வேண்டாம் என்பவன் 'பெரிய மனுஷன்'. தன் வியாதியைத் தானே பார்த்துக்கொள்வேன் என்பவன் 'டாக்டர்'. எல்லாவற்றையும் நீயே தேடி நீயே கண்டடை என்று கைவிரிப்பவன் 'சாமியார்'. கடைசி ஆள் 'தாத்தா'. இரண்டு வருஷத்துக்கொரு தடவைதான் மாறுவார், மற்ற நேரம் பேச்சு மூச்சு இருக்காது. தாத்தாவைப் பற்றி இணையத்தில் சல்லடை போட்டுத் தேடினேன்: ஒரு சண்டை கிடையாது, ஒரு புலம்பல் கிடையாது, ஒருவரும் அழவில்லை. "இதுல ஒண்ணுமே நடக்கலையே!" என்று கடைசி இடத்தில் தள்ளினேன். ஆடாதது எது என்று தேடக் கிளம்பியவன், ஆடாத ஒன்றை ஆடவில்லை என்ற குற்றத்துக்காகவே ஒதுக்கினேன். இதற்கெல்லாம் தனியாக ஒரு மூளை வேண்டும் ஐயா.

அலசல்காரர் தனி ஆளாக இவ்வளவு தூரம் போய்விட முடியாது. கூடவே இன்னோர் அலசல்காரர் வேண்டும். எனக்கு அந்த உதவியைச் செய்தவன் என் மனைவியின் தம்பி. வேறோர் அலுவலகத்தில் இதே உத்தியோகம். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்று எப்படித்தான் மோப்பம் பிடிப்பானோ, அன்று சாயங்காலமே போன் வந்துவிடும்.

"என்ன மச்சான், முடிவு பண்ணிட்டீங்களாமே?"

"ஆமா மாப்ள. பெரிய மனுஷனையே போட்டுடலாம்னு."

"ஓ… அவரையா."

அவ்வளவுதான். பிறகு, "இல்ல, நல்லதுதான். சும்மா கேட்டேன்" என்பான். அந்தச் சும்மாவில் என் மூன்று வார உழைப்பும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். பழிக்குப் பழியாக, அவன் ஒரு முடிவெடுத்த நாளில் நானும் போன் போட்டு ஒரு 'ஓ' சொல்லிவிட்டு வைத்தேன். அவன் ஆபீசிலும் இன்றுவரை ஒன்றும் மாறவில்லை.

வீட்டில் மட்டும் சும்மா இருந்தேனா? ஃபிரிட்ஜின் கதவு மூடாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. என் மனைவி ஒரு பழைய துணிக்கயிற்றால் அதைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

"பாத்துட்டே இருக்கேன். ரெண்டு மாடல் தேறியிருக்கு," என்றேன் ஒரு நாள்.

"நீங்க பொறுமையா பாருங்க. நான் கட்டிக்கிட்டே இருக்கேன்." முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணு மட்டும் புரியலை. என்னை எப்படிங்க ஒரே நாள்ல சரின்னு சொன்னீங்க?"

"அப்ப எனக்குப் பட்டியல் போடத் தெரியாது."

பாராட்டாகத்தான் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாடு எனக்குத் தனியாக வைக்கப்பட்டது.

இதற்கிடையில் ஆபீசில் ஓர் அதிசயம் நடந்தது. பழைய சர்வர் திருந்திவிட்டது! முனகல் இல்லை, முக்கல் இல்லை, யாரும் என்னிடம் வந்து "ஃபைல் திறக்கலை" என்று சொல்வதும் இல்லை. என் கவனிப்பால்தான் அதற்கு மறுவாழ்வு வந்தது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதிலுள்ளதையெல்லாம் ஒரு தனி டிஸ்கில் பிரதி எடுத்து, தேதி எழுதி, அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். மேடத்திடமும் பெருமையாகக் காட்டினேன். அது ஏன் அவ்வளவு அமைதியாகிவிட்டது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எட்டிப் பார்த்திருக்கலாம். பட்டியலில் நூற்றுப் பத்தொன்பதாவது அம்சத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்; நேரமில்லை.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். பழைய சர்வரை ஒருவரும் தொடுவதே இல்லை. நான் "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் அக்கா மேசைக்கடியில் இருந்த பெட்டிக்கு மாறிவிட்டார்கள். 'திரும்பி வாருங்கள்' என்று நான் சொல்லவில்லை, அவர்களும் வரவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, சர்வருக்குப் பொறுப்பானவனுக்கு மட்டும் தெரியாது. நான் வாராவாரம் பிரதி எடுத்து அடுக்கியது, ஓராண்டுக்கு மேலாக ஓர் எழுத்துக்கூட மாறாத பழைய சரக்கு. ஓடுகிற பெட்டிக்கோ ஒரு பிரதிகூடக் கிடையாது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வரைபடங்கள். இருநூற்றுப் பதினாலு தாள். பென்சில் அக்கா ஏழு மாதம் கண் சிவக்க உட்கார்ந்து போட்டவை. குழாய் எங்கே போகும், ஆக்சிஜன் எங்கே வரும், தள்ளுவண்டி எந்தத் திருப்பத்தில் இடிக்காமல் திரும்பும் என்பதுவரை ஒவ்வோர் அங்குலமும் அதிலேதான். புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். "இது கைவிட்டுப் போச்சுன்னா இந்த ரூம்ல மூணு மேசை காலியாகும்" என்று மேடம் எல்லோரையும் கூட்டிவைத்தே சொல்லியிருந்தார். அப்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை, பழைய சர்வர் செத்துப்போனது. டக், டக், டக் என்று மூன்று தட்டு, பிறகு சத்தமே இல்லை.

என்னைப் பிடித்த உற்சாகத்தை என்னவென்று சொல்வது! பதினாலு மாத ஆராய்ச்சிக்கு அரங்கேற்ற நாள் வந்துவிட்டதல்லவா! அக்காவும் மற்றவர்களும் உள்ளறையில் மேடத்தோடு உட்கார்ந்து, அச்சடித்த தாள்களில் சிவப்புப் பேனாவால் கடைசித் திருத்தங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை முடித்துவிட்டு வந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவர்கள் வெளியே வருவதற்குள் புது சர்வரை நிறுத்தி, "ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாம் முடிஞ்சுது" என்று சொல்லும் காட்சிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிரதிதான் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கிறதே!

பெட்டி மட்டும்தான் இல்லை. என் மேசையிலிருந்த சோதனைப் பெட்டிகள் மூன்றும், அலசல் வேகத்தில் ஆளுக்கொரு உறுப்பை இழந்து கிடந்தன. சுற்றும்முற்றும் பார்த்தேன். அக்கா மேசைக்கடியில் ஒன்று கண்ணில் பட்டது. மேலே ஒரு குடை, ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு, பாதி பிஸ்கட் பாக்கெட். 'இது எதுக்கு இங்க சும்மா கிடக்கு?' என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்தான் என்பது உறைக்கவில்லை. சின்னதாக ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா, ஏன் ஓடுகிறது, ஒன்றும் யோசிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

என் மேசைக்குத் தூக்கி வந்தேன். திரையை மாட்டி, புது சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் செருகினேன். அன்றைய தேதியில் என் பட்டியலில் முதலிடம் டாக்டருக்கு. நாலைந்து கேள்வி கேட்டான், டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியில் திரை முழுக்கச் சிவப்பாக ஒன்று வந்தது.

'இந்த டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?'

கீழே இரண்டே கட்டம். ஆம். இல்லை.

விரலை 'ஆம்' மேலே கொண்டுபோனேன். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. டாக்டரில் இரண்டு பதிப்பு உண்டே? போன வருஷத்தது ஒன்று, போன வாரம் வந்தது ஒன்று. நான் எதைச் செருகியிருக்கிறேன்? போன வாரத்தது. அதை நம்பலாமா? விரலை எடுத்துவிட்டு போனை எடுத்தேன்.

"மாப்ள, சர்வர் போயிடுச்சு. டாக்டரைப் போட்டுட்டு இருக்கேன். போன வருஷத்தையா, போன வாரத்தையா?"

"டாக்டரா? ஓ…"

"இப்ப 'ஓ' போடாதடா, அவசரம்!"

"இல்ல மச்சான், போன வாரத்துல ஏதோ பிரச்சினைன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அனுப்பறேன், படிச்சிட்டு அப்புறமா அழுத்துங்க. அழுத்திட்டுப் படிக்காதீங்க."

அனுப்பினான். படித்தேன். அதன் அடியில் 'இதையும் பார்க்க' என்று இன்னொன்று இருந்தது. அதையும் பார்த்தேன். அதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். மறுப்புக்கு மறுப்பு எழுதியவர் எனக்கு ஏற்கெனவே பழக்கமான ஆள், நிதானமாகப் பேசுபவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நுழைந்தேன். சிவப்புத் திரை அதுபாட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். இருநூற்றுப் பதினாலு தாளும் மூன்று மேசையும் ஒற்றை விரலில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த விரலோ செல்போனில் கட்டுரையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் தாள்களை அள்ளிக்கொண்டு அக்கா வந்து உட்காரும் சத்தம் கேட்டது. இரண்டு நிமிஷம் கழித்து, "என்னது இது, ஃபோல்டரையே காணோம்?" என்றார். பிறகு நாற்காலி நகரும் சத்தம். அவர் மேசைக்கடியில் குனிகிறார்.

"தம்பி." குரல் மிக மெதுவாக வந்தது. "இங்க இருந்த பெட்டி எங்க?"

"இதோ இருக்கே அக்கா. சும்மா கிடந்துச்சேன்னு எடுத்தேன். பழைய சர்வர் போயிடுச்சு, அதான் இதை அழிச்சிட்டு…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்காவின் முகத்தில் இரத்தம் வற்றுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கொண்டையிலிருந்த பென்சில் விழுந்து உருண்டது.

"அழிச்சிட்டீங்களா?"

"இன்னும்… இல்ல. பழசா புதுசான்னு…"

"ஆஸ்பத்திரி மொத்தமும் அதுக்குள்ளதான் தம்பி இருக்கு."

"அது சோதனைப் பெட்டிக்கா! ஒரு வாரத்துக்குத்தானே…"

"நீங்கதான் ஒரு வாரம்னு சொன்னீங்க. நான் சொல்றப்ப மாத்திக்கலாம்னும் சொன்னீங்க. நீங்க சொல்லவே இல்லை. அந்த வாரம் இன்னும் முடியலைபோலன்னு நாங்களும் அதுலயே வேலை செஞ்சிட்டிருக்கோம்."

எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். மேடம் கடைசியாக வந்தார். 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் விரலைக் கொண்டுபோனேன். அழுத்தினேன். பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். பெட்டியை மறுபடி எழுப்பினேன். ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கியவனல்லவா, இனி எழுந்திருக்குமா, எழுந்தாலும் உள்ளே இருப்பது முழுசாக இருக்குமா என்று எனக்கே தெரியாது. 'டிஸ்க் சோதிக்கப்படுகிறது' என்று வந்தது. ஒரு சதவீதம். நாலு சதவீதம். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் நிஜமாகவே பயந்தேன். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒருவரும் திட்டவில்லை. என் மேசைக்குப் பக்கத்து மேசையருகே, சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண் நின்றபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்; காலியாகும் மூன்று மேசைகளில் முதல் மேசை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தது. அக்கா ஓடிப்போய்த் தன் மேசையில் ஃபோல்டரைத் திறந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணவே ஆரம்பித்துவிட்டார். இருநூற்றுப் பதினாலு. ஒரு தாள் குறையவில்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

மேடம்தான் முதலில் பேசினார். "அப்போ இதுதான் நம்ம சர்வரா?"

"இது டெஸ்ட்டுக்கு வச்சது மேடம்."

"எத்தனை நாளா டெஸ்ட் நடக்குது?"

இந்தப் பெட்டிகள், எப்போது எழுந்தோம் எப்போது விழுந்தோம் என்று தாமே குறித்துவைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தேன். எழுந்தது: பதினாலு மாதத்துக்கு முன்பு, நான் ஏற்றிய அன்று. விழுந்தது: இன்று காலை பத்தே கால், என் கையால். நடுவில் நானூற்றுப் பத்தொன்பது நாள், குடையையும் செருப்பையும் சுமந்துகொண்டு, ஒரு தடவைகூடக் கண்ணயராமல் ஓடியிருக்கிறது. பதினாலு மாதமாக அந்த ஆபீசில் ஆடாமல் அசையாமல் இருந்தது அது ஒன்றுதான். ஆடியவனும் நான், ஆட்டியவனும் நான்.

"அவ்வளவு நல்லா ஓடியிருக்கே. இதுல என்னதான் போட்டிருக்கீங்க?" என்றார் மேடம்.

எனக்கு ஞாபகமில்லை. அதையும் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தாத்தா, மேடம்."

"யாரு தாத்தா?"

"என் பட்டியல்ல… கடைசி இடம்."

மேடம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று மதியம் அந்தப் பெட்டிக்கு முதல் தடவையாகப் பிரதி எடுத்தேன். எந்த மென்பொருளில் எடுப்பது என்று யோசிக்காமல், கையாலேயே இழுத்துப் போட்டேன். மறுநாள் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரைபடங்கள் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரி வேலை எங்களுக்கே கிடைத்தது. மூன்று மேசையிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். முடிக்கும்போது கொஞ்சம் நெஞ்சையும் நிமிர்த்தினேன். "வேற எவனா இருந்தாலும் படக்குனு 'ஆம்' அழுத்தியிருப்பான். நான் அலசினதாலதான் தப்பிச்சுது, தெரியுமா?"

என் மனைவி கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் எடுத்தாள், குடித்தாள், மறுபடி கட்டினாள்.

"பதினாலு மாசத்துக்கு முன்னாடி அலசாம இருந்திருந்தா, அழுத்தவேண்டிய அவசியமே வந்திருக்காதே."

அவள் தம்பிக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அவன் "ஓ…" என்றான்.

இந்தக் கதையை முழுசாகப் படித்துவிட்டு, நல்லவேளை நாம் இப்படியில்லை என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் யாரைப் பற்றிப் படித்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'இப்போதைக்கு இருக்கட்டும், நல்லதா ஒண்ணு பாத்து மாத்திக்கலாம்' என்று நீங்கள் ஓரமாகத் தள்ளிவைத்த ஏதோ ஒன்றின் மேலே ஒரு குடையையோ, ஒரு குடும்பத்தையோ, ஓர் உத்தியோகத்தையோ வைத்துவிட்டு, இன்னும் நல்லதைத் தேடித் திறந்த நாற்பது பக்கங்களுக்கு நடுவில் இந்தக் கதையையும் ஒரு பக்கமாகத் திறந்து வைத்திருக்கவில்லையே?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பெட்டி திரும்ப அக்கா மேசைக்கடிக்கே போய்விட்டது. குடையும் செருப்பும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. புதுசாக ஒரு வெள்ளைத்தாள் மட்டும் ஒட்டியிருக்கிறது, கொண்டைப் பென்சிலால் அழுத்தி எழுதியது. யாரையும் புண்படுத்த வேண்டாம் என்றோ என்னவோ, அக்கா அதில் பெயர் எதுவும் போடவில்லை:

'தொட வேண்டாம். முக்கியமாக நீங்கள்.'